நீரைப் பிரிக்க எத்தனை வோல்ட் வேண்டும்?

நீரில் இரண்டு மின்வாய்களை அமிழ்த்தி நேர்திசை மின்னோட்டத்தைச் செலுத்தினால் எதிர்மின்வாயில் ஹைட்ரஜனும் நேர்மின்வாயில் ஆக்சிஜனும் குமிழிகளாக எழுகின்றன. மின்னாற்பகுப்பு எனப்படும் இந்நிகழ்வைப் பள்ளி ஆய்வகங்களில் 9 வோல்ட் மின்கலத்தைக் கொண்டே காட்டிவிடுகிறார்கள். ஆயினும் வீட்டிலேயே ஹைட்ரஜன் தயாரிக்க முனையும் ஆர்வலர்களில் ஒரு சாரார், சுவரில் உள்ள பிளக் பாயிண்டில் கிடைக்கும் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை டையோடுகளால் நேர்திசையாக்கி அப்படியே நீருக்குள் பாய்ச்சுகிறார்கள். வேறு சிலர் மின்மாற்றியால் அதை ஆயிரக்கணக்கான வோல்ட்டுக்கு உயர்த்திக்கொள்ளவும் செய்கிறார்கள். அழுத்தம் கூடக்கூட நீர் மூலக்கூறு எளிதில் பிளந்துவிடும் என்பது இவர்களின் எதிர்பார்ப்பு. அந்த எதிர்பார்ப்பை எள்ளி ஒதுக்கிவிட முடியாது, ஏனெனில் மின்சாரத்தால் நீரைப் பிரித்த வரலாறே உயர் மின்னழுத்தத்திலிருந்துதான் தொடங்கியது.

1789ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த அட்ரியான் பாட்ஸ் வான் ட்ரூஸ்ட்விக், யோஹான் ருடால்ஃப் டைமன் ஆகிய இருவரும், கண்ணாடித் தட்டைச் சுழற்றி உராய்வால் மின்னூட்டம் உண்டாக்கும் பெரிய பொறி ஒன்றையும், அந்த மின்னூட்டத்தைச் சேமிக்கும் லெய்டன் ஜாடியையும் பயன்படுத்தி, நீர் நிரம்பிய கண்ணாடிக் குழாய்க்குள் செருகிய தங்கக் கம்பிகளின் வழியே மின்பொறிகளைத் தொடர்ந்து பாய்ச்சினார்கள். குழாயின் மேற்பகுதியில் வாயு சிறிது சிறிதாகச் சேர்ந்தது. அது மேல்கம்பியின் முனையைத் தொட்ட கணத்தில் அடுத்த மின்பொறி அதைப் பற்றவைக்க, வாயு மறைந்து நீர் மீண்டும் குழாயை நிரப்பியது. பிரிந்தவையும் மீண்டும் சேர்ந்தவையும் ஒன்றே என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டியிருக்க முடியாது. ஆனால் அந்தச் சோதனையில் எந்த வாயு எந்தக் கம்பியில் பிறந்தது என்று சொல்ல வழியில்லை. இரண்டும் கலந்தே வெளிப்பட்டன, ஏனெனில் அங்கே நீரைச் சிதைத்ததில் பெரும்பங்கு மின்பொறியின் கடும் வெப்பத்துக்கும் அதிர்ச்சிக்கும் உரியது.

பதினோர் ஆண்டுகள் கழித்து, 1800 மார்ச்சில் அலெசாண்ட்ரோ வோல்டா தமது மின்னடுக்கைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கடிதத்தின் செய்தி பரவியதும், வில்லியம் நிக்கல்சனும் அறுவை மருத்துவர் அந்தோணி கார்லைலும் வெள்ளி நாணயங்களையும் துத்தநாகத் தகடுகளையும் உப்புநீரில் நனைத்த அட்டைகளையும் மாற்றி மாற்றி அடுக்கி அத்தகைய ஒன்றைச் செய்தார்கள். அவ்வாண்டு மே மாதம் 2ஆம் தேதி அதன் இரு முனைகளிலிருந்தும் பித்தளைக் கம்பிகளை நீருக்குள் இறக்கியபோது, ஒரு கம்பியில் ஹைட்ரஜன் இடைவிடாமல் கிளம்பியது, மற்றது அரிக்கப்பட்டது. பிளாட்டினக் கம்பிகளுக்கு மாறியதும் ஆக்சிஜனும் தனியே வெளிப்பட்டது. அவர்களின் அடுக்கு கொடுத்த அழுத்தம் சில பத்து வோல்ட்டுக்கு மேல் இருந்திருக்காது. ஆம்ஸ்டர்டாம் பொறியோ பல்லாயிரம் வோல்ட்டை எட்டக்கூடியது. அவ்வளவு பெரிய அழுத்தம் தயங்கித் தயங்கிச் செய்ததை இவ்வளவு சிறிய அழுத்தம் தடையின்றிச் செய்தது எப்படி என்ற வினாவுக்கு முழுமையான விடை கிடைக்க மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

விடையைத் தந்தவர் மைக்கேல் ஃபாரடே. மின்னாற்பகுப்பில் வெளிப்படும் பொருளின் அளவு, செலுத்தப்பட்ட மின்னூட்டத்தின் அளவை மட்டுமே பொறுத்தது என்று 1833, 1834ஆம் ஆண்டுகளில் அவர் நிறுவினார். மின்னூட்டம் கூலும் என்ற அலகால் அளக்கப்படுகிறது. ஓர் ஆம்பியர் மின்னோட்டம் ஒரு நொடியில் சுமந்துசெல்வது ஒரு கூலும். மின்னழுத்தம் என்பது அந்த ஒவ்வொரு கூலுமுக்கும் எவ்வளவு ஆற்றல் கொடுக்கப்படுகிறது என்பதைக் குறிப்பதே தவிர, எத்தனை கூலும் பாய்ந்தது என்பதைக் குறிப்பதன்று. உராய்வு மின்சாரத்தில் அழுத்தம் மிகுதி, மின்னூட்டமோ மிகமிகச் சொற்பம். பதினைந்து லெய்டன் ஜாடிகளைக் கொண்ட தமது பெரிய அடுக்கை முழுமையாக மின்னேற்றி எட்டு லட்சம் முறை வெளியேற்றினால்தான் ஒரு கிரெயின், அதாவது சுமார் 65 மில்லிகிராம் நீர் பிரியும் என்று ஃபாரடே கணக்கிட்டு, அது வலிமை மிக்க ஒரு மின்னலுக்கு நிகர் என்று கருதினார். உண்மையில் அந்த 65 மில்லிகிராமுக்கு ஏறத்தாழ 700 கூலும் தேவை. பல கோடி வோல்ட் அழுத்தமுள்ள ஒரு சாதாரண மின்னலோ சுமார் 20 கூலுமைத்தான் தரையிறக்குகிறது. அந்த மின்னல் முழுவதையும் வீணாக்காமல் மின்னாற்பகுப்புக்குப் பயன்படுத்த முடிந்தாலும் 2 மில்லிகிராம் நீர்கூட முழுதாகப் பிரியாது.

ஒரு மோல், அதாவது 18 கிராம் நீரைப் பிரிக்க இரண்டு மோல் எலெக்ட்ரான்கள், ஏறத்தாழ 1,92,970 கூலும் மின்னூட்டம் வேண்டும். அதே அளவு நீரைப் பிரிக்க 25 டிகிரி செல்சியஸில் குறைந்தது 237 கிலோஜூல் ஆற்றலை மின்சாரம் வழங்கியாக வேண்டும். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 1.23 வோல்ட் கிடைக்கிறது. இதற்குக் கீழே எத்தனை நாள் காத்திருந்தாலும் நீர் பிரியாது. சுற்றுப்புறத்திலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்ளாமல் முழு ஆற்றலான 286 கிலோஜூலையும் மின்சாரமே கொடுப்பதாயின் 1.48 வோல்ட். மின்வாயின் பரப்பில் வினை போதிய விரைவுடன் நடக்க ஓரளவு கூடுதல் அழுத்தம் வேண்டியிருப்பதால் (இதற்கு மிகை மின்னழுத்தம் என்று பெயர்) நன்கு வடிவமைக்கப்பட்ட காரக் கலன்கள் நடைமுறையில் 1.8 முதல் 2.2 வோல்ட்டில் இயங்குகின்றன. அதற்கு மேல் கொடுக்கப்படும் ஒவ்வொரு வோல்ட்டும் நீரைச் சூடாக்குகிறது, வேறொன்றும் செய்வதில்லை.

ஆனால் மின்னோட்டம் பாய வேண்டுமென்றால் நீரின் மின்தடையைக் கடக்க வேண்டும். உயர் மின்னழுத்தத்தின் மீதான ஆசை இங்கேதான் முளைக்கிறது. பத்து சென்டிமீட்டர் நீள அகலமுள்ள இரண்டு தகடுகளை ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் நிறுத்தி, அவற்றுக்கிடையே அயனிகள் அறவே நீக்கப்பட்ட தூய நீரை நிரப்பினால் மின்தடை சுமார் 1,82,000 ஓம். வீட்டு மின்சாரத்தின் உச்ச மதிப்பான 325 வோல்ட்டைக் கொடுத்தாலும் இரண்டு மில்லி ஆம்பியர்கூடப் பாயாது. உப்புகள் ஓரளவு கரைந்துள்ள குழாய்நீரில் அதே தகடுகளுக்கிடையே மின்தடை 20 ஓம் அளவுக்கு இறங்கிவிடக்கூடும். இப்போது அதே 325 வோல்ட் 16 ஆம்பியரைப் பாய்ச்சி வீட்டு மின்சுற்றையே துண்டிக்கச் செய்யும். முப்பது விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலிலோ மின்தடை ஓர் ஓமின் அறுபதில் ஒரு பங்குதான். ஒரு கோடி மடங்குக்கு மேற்பட்ட இந்த வீழ்ச்சி, நீரில் ஒரு காரத்தைக் கரைப்பதால் மட்டுமே கிடைக்கிறது. அழுத்தத்தை நூறு மடங்கு உயர்த்தி அடைய முயல்வதை ஒரு கைப்பிடி மின்பகுளி, அதாவது கரைந்து அயனிகளைத் தரும் பொருள், செலவின்றிச் செய்து கொடுத்துவிடுகிறது.

எனினும் உயர் மின்னழுத்தத்தை நம்புவோரின் வாதம் மின்தடையோடு நின்றுவிடுவதில்லை. நீரில் வலிமையான மின்புலத்தை உண்டாக்கினால் மூலக்கூறின் நேர்மின் பகுதியும் எதிர்மின் பகுதியும் எதிரெதிர்த் திசைகளில் இழுக்கப்பட்டுப் பிணைப்பு அறுந்துவிடும் என்றும், அதற்கு மின்னோட்டமே தேவையில்லை என்றும் அவர்கள் கருதுகிறார்கள். மின்புலம் என்பது அழுத்தத்தை அது பரவியிருக்கும் தொலைவால் வகுத்தால் கிடைப்பது. ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் 10,000 வோல்ட் கொடுத்தால் மின்புலம் மீட்டருக்கு ஒரு கோடி வோல்ட். மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கே நீளமுள்ள வேதிப்பிணைப்பைப் புலத்தால் மட்டும் இழுத்து அறுக்க வேண்டுமானால் அதைப்போல் ஆயிரம் மடங்கு புலம் வேண்டும். அவ்வளவுக்கு நெருங்குவதற்கு முன்பே நீருக்குள் மின்பொறி பாய்ந்துவிடும்.

வியப்பு என்னவெனில், வீட்டு மேசையிலுள்ள எளிய ஒன்றரை வோல்ட் கலத்தில் இதைவிட வலிய மின்புலம் ஏற்கெனவே இருக்கிறது. உலோகத்தின் பரப்பில் சேரும் மின்னூட்டமும், அதை எதிர்கொண்டு கரைசலின் பக்கத்தில் அணிவகுக்கும் எதிர் அயனிகளும் ஒரு நானோமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் எதிரெதிராக நிற்கின்றன. இதை மின் இரட்டைப்படலம் என்பர். மின்கலத்தின் அழுத்தத்தில் பெரும்பங்கு இந்த நூலிழையினும் மெல்லிய எல்லையில்தான் இறங்குகிறது. ஒரு வோல்ட் அரை நானோமீட்டரில் இறங்கினால் மின்புலம் மீட்டருக்கு இருநூறு கோடி வோல்ட். பத்தாயிரம் வோல்ட் தகடுகளுக்கு நடுவே கிடைப்பதைப் போல் இருநூறு மடங்கு இது. அதோடு உலோகம் எலெக்ட்ரானை நேரடியாகக் கொடுக்கவோ வாங்கவோ செய்கிறது. பிணைப்பு வெறும் இழுவிசையால் அறுபடாமல் எலெக்ட்ரான் பரிமாற்றத்தால் படிப்படியாக மாற்றியமைக்கப்படுகிறது. நீர் பிரியும் இடம் மின்வாயின் பரப்பு மட்டுமே. மின்வாய்களுக்கு நடுவிலுள்ள நீரின் வேலை, அயனிகளைக் கடத்திச் சுற்றை நிறைவு செய்வதுதான். உயர் அழுத்தத்தின் பெரும்பகுதி அந்த நடுப்பகுதியில், அதாவது வினை எதுவும் நிகழாத இடத்தில், வெப்பமாகிக் கரைகிறது.

இதைக் கணக்காகப் பார்த்தால் இழப்பின் அளவு தெரியும். ஓர் ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் பாய்ந்தால் 25 டிகிரியில் ஏறத்தாழ 0.46 லிட்டர் ஹைட்ரஜனும் அதில் பாதி ஆக்சிஜனும் கிடைக்கும். இரண்டு வோல்ட்டில் பாய்ந்தாலும் 325 வோல்ட்டில் பாய்ந்தாலும் அளவு இதுவே. முதலாவதில் செலவு 2 வாட், இரண்டாவதில் 325 வாட். பத்து ரூபாய்ப் பயணச்சீட்டுக்கு ஆயிரத்து அறுநூறு ரூபாய் கொடுத்துவிட்டு மீதியை வாங்காமல் இறங்கிச் செல்வதற்கு ஒப்பானது இது. மேலும் அந்த மீதி, ஒரு லிட்டர் நீரை நிமிடத்துக்கு நான்கைந்து டிகிரி வீதம் சூடாக்கிக் கால் மணி நேரத்தில் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடும். அப்போது கலனில் குமுறி எழும் குமிழிகளில் பெரும்பாலானவை நீராவி. வாயு உற்பத்தி பலமடங்கு பெருகிவிட்டதாக ஆர்வலர்கள் நம்புவதற்கு இந்தக் காட்சியே பல வேளைகளில் காரணமாகிறது.

மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக்குவது ஏன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நொடிக்கு ஐம்பது சுழற்சிகள் கொண்ட மின்சாரத்தை அப்படியே நீரில் செலுத்தினால் ஒவ்வொரு மின்வாயும் மாறி மாறி இரு பாத்திரங்களையும் ஏற்பதால், வாயு ஓரளவு கிடைத்தாலும் அது கலந்தே கிடைக்கும். மின்னூட்டத்தின் ஒரு பகுதி இரட்டைப்படலத்தை ஏற்றி இறக்குவதிலேயே தீர்ந்துபோகும். நான்கு டையோடுகளைப் பாலம்போல் இணைத்த அலைதிருத்தி, இரு அரைச்சுற்றுகளையும் ஒரே திசைக்குத் திருப்பி நொடிக்கு நூறு துடிப்புகளாகத் தருகிறது. அதை ஒரு மின்தேக்கியால் சமனாக்கினால் 230 வோல்ட்டின் உச்ச மதிப்பான 325 வோல்ட் கிடைக்கும். மின்னாற்பகுப்புக்குச் சமனாக்கலே அவசியமில்லை. துடிப்புகளின் சராசரி மின்னோட்டம் எவ்வளவோ அவ்வளவுதான் வாயு. குறைக்கடத்தி டையோடுகள் வருவதற்கு முன்பு, அலுமினியத் தகட்டையும் ஈயத் தகட்டையும் போராக்ஸ் போன்ற கரைசலில் அமிழ்த்திய கலனே அலைதிருத்தியாகப் பயன்பட்டது: அலுமினியத்தின் மீது படியும் ஆக்சைடு படலம் மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் அனுமதிக்கும். மின்னாற்பகுப்புக்கு வேண்டிய மின்சாரத்தை இன்னொரு மின்னாற்பகுப்புக் கலனே திருத்திக் கொடுத்தது என்பது மின்வேதியியல் வரலாற்றின் அழகான அத்தியாயங்களில் ஒன்று.

ஆனால் மின்மாற்றி எதுவும் இடையில் இல்லாமல் வீட்டு மின்சாரத்தை நேரே திருத்திப் பயன்படுத்துவது உயிருக்கு உலை வைக்கும் செயல் என்பதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். பால அலைதிருத்தியின் இரு வெளியீட்டு முனைகளுமே நிலத்தைச் சார்ந்து மின்னழுத்தம் உடையவை. ஆகவே கலனிலுள்ள நீர், அதன் ஈரமான சுவர், வாயுவைக் கொண்டுசெல்லும் குழாயின் உட்புற ஈரம் ஆகிய அனைத்தும் தொட்டவரைத் தாக்கும் நிலையில் இருக்கும். வீடுகளில் பொருத்தப்படும் கசிவு மின் துண்டிப்பான்களில் எளிய வகைகள் மாறுதிசைக் கசிவை உணர்வதற்கென அமைக்கப்பட்டவை; சமனாக்கிய நேர்திசைக் கசிவை அவை கண்டுகொள்ளாமல் போகலாம். 470 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று 325 வோல்ட்டில் ஏறத்தாழ 25 ஜூல் ஆற்றலைத் தேக்கிவைத்துக்கொண்டு, பிளக்கைப் பிடுங்கிய பின்னும் காத்திருக்கும்.

நூற்றுக்கணக்கான வோல்ட் நேர்திசை மின்சாரத்தை மின்னாற்பகுப்புக்குச் சிக்கனமாகப் பயன்படுத்த ஒரே வழி, அதைப் பல கலன்களுக்குப் பகிர்ந்தளிப்பது. உலோகத் தகடுகளை வரிசையாக நிறுத்தி, இரு ஓரத் தகடுகளுக்கு மட்டும் இணைப்புக் கொடுத்தால், இடையிலுள்ள ஒவ்வொரு தகடும் ஒரு பக்கத்தில் எதிர்மின்வாயாகவும் மறுபக்கத்தில் நேர்மின்வாயாகவும் செயல்படும். நூற்றறுபது கலன்களின் வழியே ஓர் ஆம்பியர் பாய்ந்தால், முன்னர் சொன்ன அதே 325 வாட் செலவில் 0.46 லிட்டருக்குப் பதிலாக மணிக்கு எழுபது லிட்டருக்கு மேல் ஹைட்ரஜன் கிடைக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இந்த அமைப்பு தொழிற்சாலைக்கு வந்துவிட்டது. நார்வேயின் வெமோர்க்கிலும், பின்னர் பக்ரா அணையின் மின்சாரத்தைக் கொண்டு பஞ்சாபின் நங்கலிலும், உரத்துக்கான ஹைட்ரஜன் நீரைப் பிரித்தே தயாரிக்கப்பட்டது. கனநீர் அவ்விரு இடங்களிலும் அதன் உடன்விளைவாகக் கிடைத்தது.

உயர் மின்னழுத்தம் ஒற்றைக் கலனில் புதிதாக எதையுமே நிகழ்த்துவதில்லை என்று சொல்வதும் சரியாகாது. ஒரு மின்வாயை மெல்லிய கம்பி முனையாக வைத்து அழுத்தத்தை உயர்த்திக்கொண்டே போனால், குறிப்பிட்ட எல்லையில் அம்முனையைச் சுற்றியுள்ள நீர் ஆவியாகி முனையை உறையாகப் போர்த்துகிறது. மின்னோட்டம் சட்டென வீழ்ந்து, ஆவியுறைக்குள் ஒளிரும் மின்னிறக்கம் தோன்றுகிறது. 1899இல் ஆர்தர் வேனெல்ட் அமைத்த மின்பகுளித் துண்டிப்பான் இந்நிகழ்வின் மீதே கட்டப்பட்டது. கந்தக அமிலத்தில் அமிழ்ந்த பிளாட்டின முனையில் ஆவியுறை தோன்றுவதும் கலைவதுமாக நொடிக்குப் பலநூறு முறை மின்னோட்டத்தைத் துண்டித்து, அக்கால எக்ஸ்-கதிர்க் குழாய்களை இயக்கிய தூண்டுச்சுருளுக்கு உயிர் கொடுத்தது. பிற்காலத்தில் இங்கிலாந்திலும், இந்தியாவில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்திலும் இந்த ஒளிர் மின்னாற்பகுப்பு விரிவாக ஆராயப்பட்டது. அங்கே ஃபாரடே விதி கணிப்பதைவிடக் கூடுதலான வேதிமாற்றம் நிகழ்கிறது என்பது உண்மை. மின்னிறக்கத்தில் முடுக்கப்பட்ட துகள்கள் நீர் மூலக்கூறுகளைத் தாக்கி உடைப்பதே அதற்குக் காரணம். கூடுதல் வாயுவுக்கான ஆற்றலும் அதே உயர் அழுத்தத்திலிருந்தே செலவாவதால் ஆற்றல் அழியாமை விதிக்கு இதில் எந்த மீறலும் இல்லை. கொடுத்ததைவிட அதிக ஆற்றல் வந்ததாகச் சிலர் அறிவிக்கும்போது ஆராய வேண்டிய முதல் இடம் கலனிலிருந்து தெறித்த நீர்த்துளிகள். ஒரு கிராம் நீர் துளியாகத் தெறித்துப்போனதை ஆவியானதாகக் கணக்கில் எழுதினால், இல்லாத 2.26 கிலோஜூல் ஆற்றல் பேரேட்டில் ஏறிவிடும்.

கணக்கில் நேரும் இத்தகைய பிழைகளிலிருந்து வேறுபட்டது, நம்பிக்கையை விற்பனைப் பொருளாக்குவது. அமெரிக்காவின் ஒகையோவைச் சேர்ந்த ஸ்டான்லி மேயர், உயர் மின்னழுத்தத் துடிப்புகளால் மிகக் குறைந்த மின்னோட்டத்தில் நீரைப் பிரித்து அதைக் கொண்டே வண்டியை ஓட்டலாம் என்று அறிவித்து முதலீட்டாளர்களைச் சேர்த்தார். இருவர் தொடுத்த வழக்கில் கருவியை ஆராய்ந்த வல்லுநர்கள் அதில் வழக்கமான மின்னாற்பகுப்பைத் தவிர வேறெதுவும் இல்லை என்று சாட்சியம் அளித்தார்கள். 1996இல் நீதிமன்றம் அதை மோசடி எனத் தீர்ப்பளித்து, பெற்ற 25,000 டாலரைத் திருப்பித் தருமாறு ஆணையிட்டது. ஆயினும் அவரது வரைபடங்களைப் பின்பற்றி இன்றும் உலகெங்கும் கலன்கள் கட்டப்படுகின்றன. அந்த உழைப்பும் ஆர்வமும் சரியான அளவீட்டின் பக்கம் திரும்பியிருந்தால் எத்தனை நல்ல ஆய்வாளர்கள் உருவாகியிருப்பார்கள் என்ற ஏக்கம் எழாமல் இல்லை.

வீட்டில் இதைச் செய்து பார்க்க விரும்புவோருக்கு மின்மாற்றியால் தனிமைப்படுத்தப்பட்ட 6 அல்லது 12 வோல்ட் மின்வழங்கியும், நிக்கல் மின்வாய்களும், சலவை சோடாக் கரைசலும் போதும். சமையல் உப்பைச் சேர்த்தால் நேர்மின்வாயில் நச்சு வாயுவான குளோரின் வெளிப்படும். துருப்பிடிக்காத எஃகை நேர்மின்வாயாக நெடுநேரம் பயன்படுத்தினால் அதிலுள்ள குரோமியம், புற்றுநோயை உண்டாக்கவல்ல ஆறிணைதிற வடிவில் கரைந்து நீரை மஞ்சளாக்கும். இரு வாயுக்களையும் ஒரே கலத்தில் சேர விடக் கூடாது. காற்றில் 4 முதல் 75 விழுக்காடு வரை எந்த அளவில் கலந்திருந்தாலும் ஹைட்ரஜன் எரியும். அதைப் பற்றவைக்க 0.02 மில்லிஜூல், அதாவது உடையில் தேங்கும் நிலைமின்சாரத்தின் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி, போதுமானது. இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் ஆக்சிஜனோடு கலந்த ஒரு லிட்டர் வாயு வெடிக்கும்போது நொடிக்கு 2,800 மீட்டர் வேகத்தில் வெடியலை பரவக்கூடும். கண்ணாடிப் புட்டியில் அதைச் சேமிப்பது கைக்குண்டைச் செய்து வைத்திருப்பதே ஆகும்.

பாய்ந்த மின்னோட்டத்தையும் கடந்த நேரத்தையும் குறித்துக்கொண்டு, அளவுக்குழாய்களில் தனித்தனியே சேர்ந்த வாயுக்களின் பருமனை ஃபாரடே விதியோடு ஒப்பிடுவதே இச்சோதனையின் சாரமான பகுதி. தொடக்கத்தில் ஆக்சிஜன் பாதிக்கும் குறைவாகவே தெரியும், ஏனெனில் அது ஹைட்ரஜனைவிடக் கூடுதலாக நீரில் கரைகிறது; நிக்கலுக்குப் பதிலாகப் பென்சிலின் கிராஃபைட்டைப் பயன்படுத்தினால், ஆக்சிஜனின் ஒரு பகுதி கிராஃபைட்டையே ஆக்சிஜனேற்றிச் செலவாகிவிடுவதால் குறை இன்னும் பெரிதாகும். மாறாக ஹைட்ரஜன் கணக்கிட்டதைவிடக் கூடுதலாகத் தெரிந்தால் கரைசலின் வெப்பநிலையை முதலில் பார்க்க வேண்டும்: 25 டிகிரியில் சேரும் வாயுவின் பருமனில் ஏறத்தாழ 3 விழுக்காடு நீராவி என்றால், 60 டிகிரியில் அது 20 விழுக்காட்டை எட்டிவிடுகிறது.